சென்னியப்பன் செய்த கெட்டிப் பானை

காங்கயத்துக்குத் தெற்கே மந்திவலசு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதனால் வந்த வம்புகளையெல்லாம் எழுதினால் புத்தகம் கொள்ளாது. நான் ஒரே ஒரு பானையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஊர்ச் சென்னியப்பனிடம் அவன் மனைவி தெய்வாத்தாள் ஒரு நாள், "ஏனுங்க, பானையில தண்ணி இருக்குதான்னு செத்த தட்டிப் பாருங்க" என்றாள். சென்னியப்பன் சுத்தியலைத் தேடி எடுத்துவந்து தட்டிப் பார்த்தான். தண்ணீர் இருந்தது. வீடு முழுக்க இருந்தது.

தெய்வாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு ஆசையாக வைத்திருந்த பானை. "நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கெழம பொழுதோட வருவேன். ஒடச்ச கையே பண்ணுன பானை இந்த எடத்துல இருந்தா உள்ள வருவேன். இல்லீன்னா வந்த பஸ்லயே திரும்பிப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சென்னியப்பனுக்குப் பெண்டாட்டி மேல் உயிர். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய கூட்டாளிகள் நாச்சிமுத்துவும் குப்புராசுவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். நாச்சிமுத்துதான் அந்த ஊருக்கே அறிவாளி. தலையில் ஒரு முடிகூட இல்லாததால் அப்படி ஒரு பெயர்.

"கோயமுத்தூருல ஒரு செவுத்துல பாத்தேன் மாப்ளே. ஒரே நாள்ல பானை பண்ணச் சொல்லித் தர்றாங்களாமா. புதுசாப் பழகறவங்களுக்குன்னே நடத்தறாங்க. முன் அனுபவம் தேவையில்லைன்னு போட்டிருந்துச்சு" என்றான் நாச்சிமுத்து.

குப்புராசுவின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் வர முடியாது. சின்ன வயசுல மண்ணுல சோறாக்கி வெளையாடியிருக்கறேன். எனக்கு அனுபவம் இருக்குதே."

வெகுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில், அதை மறந்துவிடுவதாகக் குப்புராசு சத்தியம் செய்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பஸ் ஏறினார்கள்.

வகுப்பு நடத்திய பெண்ணின் பெயர் மிருதுளா. நல்ல பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். அன்று காலை வரைக்கும் அந்தப் பெயர் இருந்தது.

"முன்னாடி களிமண்ணைத் தொட்டுப் பழக்கம் இருக்காண்ணா?" என்று அவர் கேட்டதும் குப்புராசு வேர்த்துப்போய், "நானு அதை மறந்துட்டேனுங்க" என்றான்.

மிருதுளா மின்சாரச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். "நான் என்ன செய்யறேனோ அப்படியே நீங்களும் செய்யுங்க, போதும்."

அவர் கையை நனைத்தார். மூவரும் நனைத்தார்கள். மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் பொத்தென்று வைத்தார். மூவரும் வைத்தார்கள். நெற்றியில் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்கினார். நாச்சிமுத்து தன் மொட்டை மண்டையில் இல்லாத முடியை அக்கறையாக ஒதுக்கிவிட்டான். மண் தூசி மூக்கில் ஏறி மிருதுளா தும்மினார். சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் தும்மினார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க டீச்சரம்மா" என்று குப்புராசு கையைத் தூக்கினான். "எனக்கு இன்னும் வரலீங்க. பாடம் என்னைய உட்டுட்டுப் போயிருமாட்ட இருக்குது."

அவனுக்குத் தும்மல் வருவதற்காக மிளகாய்த்தூள் வாங்கிவர வேண்டியிருந்தது. பிறகு வகுப்பிலிருந்த எல்லாரும் தும்மினார்கள். மற்ற மாணவர்கள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிருதுளா சென்னியப்பனின் சக்கரத்தை ஓடவிட்டார். "இப்போ சக்கரம் சுத்திட்டே இருக்கணும். கையை மண்ணு மேலேயே வெச்சிருங்க. நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார். ஒருவேளை சும்மா அழுவதற்காகவும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது.

அவர் போன சற்று நேரத்தில் கரண்ட் போய்விட்டது. சக்கரம் மெல்ல நின்றது.

சென்னியப்பன் பதறினான். "ஐயோ, சக்கரம் நிக்குதே! சுத்திட்டே இருக்கோணும்னு சொன்னாங்களே! பானை இல்லாம போனா தெய்வா திரும்பிப் போயிருவாளே!"

"பதறாதே மாப்ளே" என்றான் நாச்சிமுத்து. "பஸ்ஸுல வர்றப்ப என்ன பாத்தே? மரமெல்லாம் ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

"மரம் எதுக்கு ஓடுச்சு? நாம ஓடுனதால ஓடுச்சு. அதேதான் இதுவும். நாம சுத்துனா சக்கரம் சுத்துன கணக்குத்தான்."

"அறிவுன்னா அறிவு" என்றான் குப்புராசு.

மூவரும் ஆளுக்கொரு கையை அந்த மண் உருண்டையின் மேல் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார்கள். வழியிலிருந்த வாளி உருண்டது. நாற்காலி சாய்ந்தது. கோயிலைச் சுற்றுகிற நினைப்பில் குப்புராசு கன்னத்தில் போட்டுக்கொண்டான், ஒரு கையால்தான். கரண்ட் திரும்பி வந்தபோது சக்கரமும் அவர்களோடு சேர்ந்து சுற்றியது. எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்று யாருக்கும் விளங்காமல் மூவரும் மூன்று பக்கமாக விழுந்தார்கள். மண் பறந்து போய் நாச்சிமுத்துவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது.

ஓடிவந்த மிருதுளா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நாங்க கையை எடுக்கலீங்க" என்று தரையில் கிடந்தபடியே சொன்னான் சென்னியப்பன். "மண்ணுதானுங்க எங்களை உட்டுட்டுப் போயிருச்சு."

மிருதுளா அந்த மண்ணை வழித்தெடுத்து மறுபடி சக்கரத்தில் வைத்து, பக்கத்திலேயே நின்று, வெளிப்பக்கத்தைப் பானை போல உருட்டிவிட்டார். "அவ்வளவுதாண்ணா. இப்ப கட்டைவிரலை நடுவுல அழுத்திக் குழி பண்ணுங்க."

சென்னியப்பன் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "என்னங்க சொல்றீங்க? ஓட்டை உழுந்துதானே எங்கூட்டுப் பானையே போச்சு. புதுப் பானையில நானே ஓட்டை போடறதுங்களா?"

"குழி இல்லேன்னா அது பானையே இல்லண்ணா!"

"பழைய பானை உள்ளே வெறுமையா இருந்துச்சுங்க. அதான் ஒரு தட்டுக்கே தாங்கலை" என்று நாச்சிமுத்து பொறுமையாக விளக்கினான். டீச்சருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு வருத்தம். "இது உள்ளேயும் பானை. எத்தனை சுத்தியல் வந்தாலும் தாங்கும்."

மிருதுளா அலமாரியிலிருந்து நன்றாகச் சுட்ட அழகான பானை ஒன்றை எடுத்துச் சென்னியப்பனின் கையில் கொடுத்தார். "இதை எடுத்துட்டுப் போங்கண்ணா. காசு வேண்டாம். தயவுசெஞ்சு போங்க."

"புண்ணியவதி!" என்று கும்பிட்டான் சென்னியப்பன். "இதை எதுல வெச்சு ஊருக்குக் கொண்டு போறதுன்னுதான் நெனச்சேனுங்க." தான் செய்த மண் உருண்டையை அந்தப் பானைக்குள் பத்திரமாக இறக்கிவைத்தான்.

பச்சை மண்ணைச் சூளையில் சுட வேண்டும் என்று சொல்ல மிருதுளா வாயெடுத்தார். மூவரும் கேட்பதற்குத் தயாராக நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததும், நெருப்பு விஷயம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

பொழுது சாய தெய்வாத்தாள் வந்தாள். பழைய பானை இருந்த இடத்தில் மண் உருண்டை உட்கார்ந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் சரிதானுங்க. தண்ணியை எங்க ஊத்தறது?"

தெய்வாத்தாளின் கண் பையைத் தேடியது. நாச்சிமுத்து அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"அம்மிணி, பழைய ஏற்பாட்டுல என்னாச்சு? பானைக்குள்ள தண்ணி இருந்துச்சு. இதுல தண்ணிக்குள்ள பானை இருக்கும். எப்படிப் பாத்தாலும் ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது?"

தெய்வாத்தாளும் மந்திவலசில் பிறந்து வளர்ந்தவள்தான். அவளுடைய அம்மா வீடு அடுத்த தெரு. கோபத்தைக் காட்டுவதற்காகப் பஸ்ஸில் ஒரு சுற்றுச் சுற்றிப் போய் இறங்கியிருந்தாள். அவள் யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது.

பெரிய குண்டாவுக்குள் உருண்டையை வைத்து, மிருதுளா கொடுத்த பானையில் தண்ணீர் மொண்டுவந்து நிரப்பினார்கள். தெய்வாத்தாள் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "மண் வாசம் கமகமன்னு இருக்குதுங்க" என்றாள். அவள் போனதிலிருந்து அன்றுதான் சென்னியப்பன் வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் விடிந்து பார்த்தால் உருண்டையைக் காணோம். குண்டாவில் சேறுதான் இருந்தது.

"திருடன்!" என்று கத்தினான் குப்புராசு. நாச்சிமுத்து குண்டாவைச் சுற்றிவந்து ஆராய்ந்தான். "திருடனேதான். சேத்துக்காலோட வந்திருக்கறான். போறப்ப இதுலயே காலைக் கழுவியிருக்கறான்."

சென்னியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். இனி தெய்வாத்தாள் போய்விடுவாளே. திரும்பிப் பார்த்தால் அவள் முகமெல்லாம் பெருமை.

குழாயடியில் அன்று அவள் பேச்சுதான். "எங்கூட்டுக்காரரு பண்ணுன பானையைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. பக்கத்துலயே கோயமுத்தூருப் பானை ஒண்ணு சும்மா கெடக்குது, அதைத் தொட்டுக்கூடப் பாக்கலையாமா. கை வேலைன்னா திருடனுக்கே தெரியுதுங்க!"

"அப்ப தண்ணிக்கு என்ன பண்றே தெய்வா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கவலையோடு கேட்டாள்.

"என்ன பண்றதுங்கக்கா, அந்தக் கோயமுத்தூருப் பானையிலதான் ஊத்தி வெச்சிருக்கறோம். நல்ல பானை கெடைக்கற வரைக்கும் சமாளிக்கோணுமுங்களே."