வெடிக்கு நடுங்கிய உலகம்மையார்

அம்மன் கோயிலின் கீழவாசலில், அடுத்தவர் கழற்றிவிட்ட செருப்புகளுக்குக் காவல் இருந்தவர் உலகம்மையார். பிறவியிலேயே வந்த பெருமூளை வாதம் அவருடைய வலப்பக்கத்தை முறுக்கியிருந்தது. வலக்கை மார்போடு மடங்கிக் கிடக்கும்; வலக்கால் பெருவிரல் தரையைத் தேய்க்கும். அந்தக் காலோடுதான் அவர் விடியுமுன் பள்ளி மைதானத்தில் ஓடினார். ஓடி முடித்ததும், மூச்சு அடங்குமுன்னே, கோபுரத்தின் திசை நோக்கி ஒற்றைக் கையால் கும்பிடுவார். "இன்னைக்கு ஓட்டம் ஒனக்குத்தான் தாயி. நல்லாயில்லேன்னாலும் எடுத்துக்கோ" என்பார். வேறு பூசை அவர் அறியார்.

செருப்பை நீட்டிய கைகளோடு பழிச்சொற்களும் வந்தன. "போன பொறவியில என்ன பாவம் செஞ்சாளோ!" என்றாள் பட்டுடுத்திய ஒருத்தி. பாவமாம்! உள்ளே கல்லின் முன் கண்ணீர் வடித்துவிட்டு, வாசலில் உயிருள்ள ஒருத்தியைச் சொல்லால் மிதித்துச் செல்வது பாவமில்லையாம். நரம்பு முறுக்கிப் பிறந்தது பாவமாம்! அம்மையார் ஒற்றைக் கையால் அவளுடைய செருப்பை வாங்கி வைத்தார். களைத்திருந்தார்.

அவருடைய பெருந்துன்பம் காலில் இல்லை, காதில் இருந்தது. திடீரென ஓர் ஒலி கேட்டால் உடல் முழுவதும் தூக்கிவாரிப் போட்டு விறைத்துவிடும். பெருமூளை வாதம் உள்ளோருக்கான மாநில ஓட்டப்போட்டியில், துப்பாக்கி வெடித்தவுடன் தொடக்கக் கோட்டிலேயே விழுந்தார். மறு ஆண்டும் அப்படியே.

"இன்னொரு வாட்டி கோட்டுலயே விழுந்தா, அப்புறம் ஒங்க பேரைச் சேக்க மாட்டாங்கம்மா" என்றார், அவருக்குப் பயிற்சியளித்த விளையாட்டு ஆசிரியர் ஜெபமணி.

ஆகவே அவ்வாண்டுத் திருவிழாவில், அம்மன் புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போடும் இடத்தருகே போய் நின்றார் அம்மையார்.

"யக்கா, இங்க ஒங்களுக்கு என்ன சோலி? தள்ளிப் போங்க, காது போயிரும்" என்றார் வேட்டுக்காரர் மாசானம்.

"போனாப் போகட்டும்யா. நீ வெடியைப் போடு."

முதல் வெடிக்கே புழுதியில் விழுந்தார். கூட்டம் சிரித்தது. "ஏட்டி, அம்மன் வாறதுக்கு முந்தியே விழுந்து கும்பிடுதியா?" என்று ஒருவன் கூவினான். எழுந்தார், அடுத்த வெடிக்கும் விழுந்தார். கொடியேறிய நாள் முதல் தேர் நிலைக்கு வரும் வரை நாள்தோறும் நின்றார், விழுந்தார், மீண்டும் நின்றார். கடைசி நாள் வெடித்தபோது விழவில்லை. பல்லைக் கடித்துச் சிலைபோல் நின்றார்.

போட்டி நாளும் வந்தது. துப்பாக்கி வெடித்தது, பெண்கள் பாய்ந்தார்கள். உலகம்மையாரோ அசையாமல் நின்றார்! வெடிக்கு அசையாதிருக்கப் பழகிய உடம்பு, அந்த வெடிக்கு ஓடவேண்டும் என்பதை மறந்து போயிற்று.

"ஓடுங்கம்மா! எதுக்கு நிக்கீங்க?" என்று ஜெபமணி அலறி முடிக்குமுன் இரண்டாம் வெடி கேட்டது. முதல் வெடிக்கு முன்னரே ஒரு பெண் பாய்ந்துவிட்டாள். அவளை விலக்கிவிட்டு, மற்றவர்களை மறுபடி ஓடவைக்கத் திரும்ப அழைத்த வெடி அது.

மீண்டும் அதே கோடு. அம்மையாரிடம் போராடத் தெம்பில்லை. "இந்த ஒடம்பை அடக்கி எனக்கு ஓஞ்சு போச்சு தாயி. நீ குடுத்த நடுக்கத்தை நீயே பாத்துக்கோ. விழுந்தா முன்னால விழுதேன்" என்று முணுமுணுத்தார். பல்லைக் கடிக்கவில்லை. உடலை முன்னே சாய்த்து நின்றார்.

வெடித்தது. உடம்பு தூக்கிவாரிப் போட்டது. முன்னே சரிந்தார், சரிகின்ற உடலைத் தாங்க இடக்கால் ஓடிவந்தது, அதன் பின்னே வலக்காலும் இழுபட்டு வந்தது. விழுந்துகொண்டே நூறு மீட்டரையும் கடந்தார். எல்லையில் அவருக்கு முன்னே எவரும் இல்லை.

"முதுகுல யாரோ கை வச்சுத் தள்ளுன மாரி இருந்துச்சு சார்" என்றார், தடத்தில் கிடந்தபடியே. ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் ஜெபமணி, அது யாருடைய கை என்று கேட்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெலக்குன புள்ள எங்க சார்? அழுதுக்கிட்டு இருக்குமே" என்று எழுந்து, காலை இழுத்து இழுத்து அவளைத் தேடி நடந்தார் அம்மையார்.

கருவறையில் தேடுவோர் தேடட்டும். அன்று அம்மன் ஓடுதளத்தில் இருந்தாள். முறுக்கிய உடலை முறுக்கியபடியே அவளிடம் ஒப்படைத்த உலகம்மையாரின் களைத்த பாதங்கள் வாழ்க!