நெட்டையன் மலை தோள் சாய்ந்த கதை

அந்தக் காலத்தில், மலைகளும் பறவைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, இமயத்தில் ஒரு மலை ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது. மற்ற மலைகள் அதை நெட்டையன் என்று கூப்பிடும். விடிந்ததும் முதல் வெயில் அதன் தலையில்தான் விழும். அதில் நெட்டையனுக்கு அப்படியொரு பெருமை!

ஒரு பனிக்காலத்தில், அடிவாரத்து ஊரில் இருந்த பத்மோ என்ற பெண், தப்பிப்போன ஆட்டைத் தேடி உச்சிவரை ஏறிவிட்டாள். மேலே ஒரு பழைய பட்டியில் ஆடு கிடைத்தது. ஆனால் திரும்புவதற்குள் பனி சரிந்து பாதையை மூடிவிட்டது. மற்ற பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை.

கீழேயிருந்து ஒரு மலைக்காக்கை பறந்து வந்தது.

"பத்மோ அக்கா, உன் பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் துப்புகிறான். இப்போது அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை."

பத்மோவுக்கு மார்பில் பால் கட்டி, சட்டை நனைந்துவிட்டது. "மலையண்ணா, கொஞ்சம் வழி விடேன்!" என்று கெஞ்சினாள்.

"நான் என்னம்மா செய்வேன்? வழி விட நான் சாய வேண்டும். மலை ஒருதடவை சாய்ந்தால் மறுபடி நிமிர முடியாது. எனக்கென்று இருப்பது இந்த உயரம்தானே?"

பத்மோ அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். சூடான பால் சொட்டுச் சொட்டாக மலைமேல் விழுந்தது. நெட்டையனுக்கு என்னவோ செய்தது. பாவம், அதற்கு யார் பால் கொடுத்திருக்கிறார்கள்?

"சரி, அழாதே. கெட்டியாகப் பிடித்துக்கொள்."

மலை தன் ஒரு தோளை மெல்ல மெல்லத் தாழ்த்த, தலையும் கூடவே இறங்கியது. பாறைகள் நொறுங்கின. வலித்தாலும் தாழ்த்திக்கொண்டே இருந்தது. உச்சியிலிருந்து ஊர்வரை வழவழவென்று ஒரு சரிவு உண்டானது.

பத்மோ பட்டியின் பலகைக் கதவைப் பெயர்த்து, ஆட்டை மடியில் இடுக்கிக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்தாள். மலை ஒரு தள்ளு தள்ளியது. அம்மாடி, என்ன வேகம்! கண்மூடித் திறப்பதற்குள் வீட்டு வாசல். பிள்ளை பால் குடிக்கிற சத்தம் மலைக்கே கேட்டது.

மறுநாள் விடிந்ததும் முதல் வெயில் பக்கத்து மலைக்குப் போய்விட்டது. நெட்டையன் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் அந்தச் சரிவில் கால் வைத்தாலே வழுக்குகிறது. இப்போது எங்கெங்கிருந்தோ பனிச்சறுக்கு விளையாட வருகிறார்கள். சறுக்கி இறங்கியவர்கள் ரோப் கார் பிடித்து மறுபடியும் உச்சியில் வந்து நிற்கிறார்கள். மலைக்கு மனசு கேட்பதில்லை. "இன்னும் இங்கே என்ன செய்கிறாய்? வீட்டில் பிள்ளை பசியோடு இருக்கும், போ, போ!" என்று ஒவ்வொருவரையும் கீழே தள்ளிவிடுகிறது.