ஏழுமரத்தூரின் பதினோராம் கன்று

ஏழுமரத்தூர் என்று ஊருக்குப் பெயர் வைத்தவருக்கு எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வந்தவர்களுக்குக் கழிக்க மட்டும்தான் தெரிந்தது. சருகு கொட்டுகிறதே என்று ஒரு மரத்தை வெட்டினார்கள். தலைவர் சட்டையில் காக்கை எச்சமிட்டதால் இன்னொன்று போயிற்று. வேறொன்று ஆடிக்காற்றில் ஆடியது. அது விழுந்துவிடுமோ என்று பயந்து தாங்களே விழ வைத்தார்கள். கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம் மிஞ்சியது. பகலெல்லாம் குடை பிடிக்கும். பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும்.

அந்த மரத்தடியில்தான் வடமலையின் இஸ்திரி வண்டி நின்றது. கையில் கரிப்பெட்டியின் சூடு, தலையில் வெயிலின் சூடு என்று இரண்டையும் ஒருசேரத் தாங்கி எவனாலும் வேட்டி தேய்க்க முடியாது. நிழல் இருந்தால் வடமலைக்குப் பிழைப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயமும் அதுதான்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பொது மரத்தை அனுமதியில்லாமல் யாரும் அகற்றக் கூடாது. ஒன்றை அகற்றினால் பத்து நட வேண்டும். நட்ட குழிக்கெல்லாம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். உடனே ஊரில் பத்துப் பேர் கொண்ட மரப் பாதுகாப்புக் குழு அமைந்தது. தலைவர் திருமேனி அண்ணாச்சி. குழு கூடியது அதே மரத்தடியில்தான். வேறு எங்கே நிழல் இருந்தது?

"ஒண்ணை வெட்டினா பத்து வரும்னு சர்க்காரே சொல்லுது. நாம என்னடான்னா இந்த ஒண்ணையே கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கோம்" என்றார் தலைவர்.

"வெட்டாட்டி?" என்று கேட்டார் குழுவிலேயே அதிகம் யோசிப்பவரான கோமதிநாயகம்.

"வெட்டாட்டி ஒண்ணு ஒண்ணாவேதான் நிக்கும்."

"அப்ப வெட்டாம இருக்கதுதானே ஊருக்கு நட்டம்?"

"அதைத்தானவே சொல்லுதேன்! பத்தையும் வெட்டினா நூறு. நூறையும் வெட்டினா ஆயிரம். பெறவு காடுதான்."

குழுவில் இருந்த பிச்சம்மாளுக்குக் கவலை வந்துவிட்டது. "காடுன்னா புலி வருமே அண்ணாச்சி? என் ஆடெல்லாம் வெளியிலதானே கட்டிக் கிடக்கு?"

"புலி வர்ற அன்னைக்கு வெட்டுறதை நிறுத்திருவோம் தாயி."

புலிப் பயம் தீர்ந்ததும் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். மரத்தடிக்காரர் என்ற மரியாதைக்கு வடமலையிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார். ஒரு நிழலுக்குப் பத்து நிழல்! காலையில் ஒன்றில் தேய்க்கலாம், மத்தியானம் ஒன்றில் சாப்பிடலாம், மூன்றாவதில் படுக்கலாம், மிச்சத்தை வாடகைக்கு விடலாம். சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய்க் கோடாலி இரவல் வாங்கி வந்தவரே வடமலைதான்.

மரம் விழுந்தது. மரம் முழுவதையும் அறுத்துப் பலகையாக்கி, பக்கத்து ஊருக்கே தெரிகிற மாதிரி 'மரமே நம் உயிர், வெட்டாதீர்' என்று எழுதி எல்லையில் நட்டார்கள். அப்படிப்பட்ட அறிவிப்புக்கு அந்த ஒரு மரம் சரியாகப் போதுமானதாக இருந்தது.

வண்டியைச் சுற்றிப் பத்துக் குழி தோண்டிப் பத்துக் கன்றுகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மறுநாள் உச்சி வெயிலில் வடமலைக்குக் கண் இருட்டியது. தலைவரின் வேட்டியில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கே ஒரு ஓட்டை விழுந்தது. வடமலை மயங்கியதைக் குழு பொருட்படுத்தவில்லை. வேட்டி போனது பெரிய விஷயம் என்பதால் அன்றைக்கே கூடினார்கள்.

"நிழல் இல்லைங்கீரே, இதென்னவே?" தலைவர் ஒரு கன்றின் அடியில் உள்ளங்கையளவு கிடந்த நிழலைக் காட்டினார்.

"அது கணுக்கால்ல விழுது அண்ணாச்சி. எனக்குத் தலைதானே காயுது?"

கோமதிநாயகம் குனிந்து கன்றைப் பார்த்தார், நிமிர்ந்து வடமலையைப் பார்த்தார். "நிழல் மேல குத்தமில்லை. நீருதான் ரொம்ப உசரமா நிக்கீரு."

வடமலையும் குனிந்து பார்த்தார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பதினோராவதாகக் கழுத்தளவுக் குழி ஒன்று தோண்டி, வண்டியையும் வடமலையையும் உள்ளே இறக்கினார்கள். கன்றின் நிழல் கச்சிதமாக அவர் தலையில் விழுந்தது. "ஆகா!" என்றார் வடமலை.

சாயங்காலம் பிச்சம்மாள் குடத்தோடு வந்து, வரிசையாகப் பத்துக் குழிக்கும் ஊற்றிவிட்டுப் பதினோராவதிலும் கவிழ்த்தாள். கரி புஸ்ஸென்று அணைந்தது.

"ஏ அக்கா! உள்ள நான் இருக்கேன்!"

"தெரியுது தம்பி. நான் என்ன குருடியா? குழின்னா ஊத்தணும்னு உத்தரவு."

இரண்டு நாள் கழித்து அதே பிச்சம்மாளின் ஆடுகள் அவிழ்த்துக்கொண்டு வந்தன. இருந்த மரமெல்லாம் அறிவிப்புப் பலகைக்கே போய்விட்டதால் கன்றுகளுக்கு வேலி கிடையாது. பத்தையும் மேய்ந்துவிட்டு ஒரு கிடா வடமலையின் தலைமயிரையும் இழுத்துப் பார்த்தது. அவர் போட்ட கூச்சலில் அது ஓடிவிட்டது. ஆக, சத்தம் போடத் தெரிந்த கன்று மட்டும் பிழைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்து அதிகாரி ஜீப்பில் வந்தார். வெயிலுக்குப் பயந்து இறங்காமலே, "எங்கேய்யா கன்னு?" என்று கேட்டார். தலைவர் ஓடிப்போய் ஜீப் பக்கம் நின்றார். கடைசிக் குழியில் எதுவோ அசைவது அதிகாரியின் கண்ணில் பட்டது.

"அது வேர் பிடிச்சிருக்கா?"

"நல்லாப் பிடிச்சிருக்கு சார்."

"என்ன ரகம்?"

"வடமலை சார். இந்த ஊரு ரகம்தான்."

"நல்லது. இந்த ஒண்ணையாவது காப்பாத்துங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். குழு வடமலையின் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டால் '11' என்று எழுதியது. உத்தரவு உத்தரவுதானே.

வடமலை வெளியே ஏறப் பார்த்தார். தலைவர் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். "மரம் தானா எந்திரிச்சு வீட்டுக்குப் போற வழக்கம் எந்த ஊர்லயாவது உண்டாவே?" வடமலை யோசித்துப் பார்த்தார். எந்த ஊரிலும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் மனைவி பேச்சியம்மாள் பக்கத்து வீட்டில் வாங்கிய கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தாள். நனைந்த வண்டியையும் அணைந்த கரியையும் நெற்றியில் இருந்த நம்பரையும் பார்த்ததும் தூக்குவாளியை நங்கென்று கீழே வைத்தாள். "எம்புருசனை வெளிய விடுங்க! அடுப்பு எரிஞ்சு மூணு நாளாச்சு!"

"விடலாம் தாயி. குழு அனுமதி கொடுக்கும்" என்றார் தலைவர். "ஆனா ஒண்ணைப் பிடுங்கினா பத்து நடணும்."

"கன்னு இருக்கா?"

"ஆடு தின்னுட்டு."

"சரி. பிடுங்கப் போறது கன்னா, ஆளா?"

"ஆளு."

"அப்ப ஆளைத்தானே நடணும்? நீங்க எத்தனை பேரு?"

"பத்து."

"குழி எத்தனை காலியாக் கிடக்கு?"

"அதுவும் பத்து."

குழு நெடுநேரம் விவாதித்தது. கோமதிநாயகம் அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் ஓட்டை கிடைக்கவில்லை. கடைசியில் பத்துப் பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆளுக்கொரு குழியில் முழங்கால் வரை இறங்கினார்கள். பேச்சியம்மாளே மண் தள்ளி மிதித்து, ஆளுக்கொரு குடம் தண்ணீரும் ஊற்றினாள். அந்த வேலையை அவள் குறையில்லாமல் செய்தாள்.

வடமலை வண்டியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கிளை மாதிரி இருக்கட்டும் என்று தலைவர் இரண்டு கையையும் நீட்டினார், மற்றவர்களும் நீட்டினார்கள். நடுவே வண்டியின் மேல் நிழல் விழுந்தது. பழைய நிழல் மாதிரியே குளிர்ச்சியாக இருந்தது. என்ன, அவ்வப்போது இருமியது. வடமலை கரியைப் பற்றவைத்து அன்று மாலைக்குள் ஒரு மூட்டைத் துணி தேய்த்துவிட்டார்.

பொழுது சாய்கிற நேரம், நடப்பட்ட பத்துப் பேரின் வீட்டாரும் அவர்களைப் பிடுங்க மண்வெட்டியோடு வந்தார்கள். பத்தைப் பிடுங்கினால் நூறு பேரை நட வேண்டும். அதற்குப் பக்கத்து ஊரில் ஆள் சொல்லியாகிவிட்டது என்றார்கள்.

வடமலை இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். ஓடிப்போய்த் தலைவரின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டார். "முடியாது! ஒருதரம் கோடாலி வாங்கிக் குடுத்து மோசம் போனேன். இனிமே இதுல ஒண்ணு மேல கை வைக்க விட மாட்டேன்! வெட்டுறதுன்னா என்னை வெட்டிட்டு வெட்டுங்க!"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாவே, இப்பத்தான் இந்த ஊர்ல ஒருத்தனுக்கு மரத்து மேல பாசம் வந்திருக்கு" என்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. தூங்குமூஞ்சி மரத்துக்குப் பதிலாக நடப்பட்டவர்கள் அல்லவா, பத்துப் பேரும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிட்டார்கள்.