சூறை விட்ட கை

அந்தக் காலத்தில் காற்றுக்கும் மழைக்கும் கையும் காலும் இருந்தன. வேலியில் கிடக்கிற ஓணானுக்குக்கூட வாய் கொள்ளாத பேச்சு இருந்தது. கோடை என்ற ஒன்று மட்டும்தான் இல்லை. வெயில் அடிக்கும், அடிக்காது என்று சொல்லவில்லை. ஆனால் உச்சிக்கு ஏறின வெயில் இறங்குவதற்குள் மாரி வந்துவிடுவாள். மாரி என்பவள் மழைப்பெண். அவள் பயிருக்காகவும் வரவில்லை, பச்சைக்காகவும் வரவில்லை. சூறையோடு விளையாட வந்தாள். பயிர் பச்சையெல்லாம் அந்தச் சாக்கில் பிழைத்துக்கொண்டது.

சூறை, காற்று வீட்டுக் கடைக்குட்டி. அவளுடைய அண்ணன்மாருக்கெல்லாம் வேலை இருந்தது. ஒருவன் பாய்மரம் தள்ளப் போவான், ஒருவன் களத்துமேட்டில் பதர் தூற்றப் போவான். இவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டில் போய் நின்றுகொண்டு மேற்கே பார்ப்பாள். மாரியின் தலை தெரிந்ததும் அவள் கால் தரையில் தரிக்காது.

இரண்டு பேரும் ஆடுகிற ஆட்டம் தட்டாமாலை. எதிரும் புதிருமாக நின்று கால்விரலோடு கால்விரலை ஒட்டி வைக்க வேண்டும். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடித்துக்கொண்டு, இருவரும் பின்னால் சாய்ந்து சுற்ற வேண்டும். அவள் சாய்வதை இவள் கை தாங்கும், இவள் சாய்வதை அவள் கை தாங்கும். ஆட்டத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பாட்டு முடிகிற வரைக்கும் கையை விடக் கூடாது.

பாட்டு, ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்கிற பாட்டு. சூறை கேட்பாள், மாரி சொல்வாள்.

"சுத்திச் சுத்தி எங்க போன?"
"சோளக் காட்டுப் பக்கம் போனேன்."
"சோளக் காட்டுல என்ன தின்ன?"
"பாலு கட்டுன கதிரு தின்னேன்."
"எனக்கு ஒண்ணு வச்சிருக்கியா?"
"மடியில ஒண்ணு முடிஞ்சிருக்கேன்."

அதோடு பாட்டு முடியும். கையை விட்டுவிட்டு இரண்டு பேரும் தரையில் விழுந்து கிடப்பார்கள். வானம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் வேலி முள்ளில் உட்கார்ந்து ஓணான் பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத வீட்டு விருந்தில் உப்புக் குறை சொல்கிற ஜாதி அது. ஒருநாள் மாரி வருவதற்கு முன்னால் சூறையைப் பார்த்துப் பேச்சை ஆரம்பித்தது. வெயில் எப்படி, அண்ணன்மார் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தது.

"உன்னையப் பாத்தா பாவமா இருக்கு தாயி. செக்குல கட்டுன மாடு மாதிரி அவ இழுத்த இழுப்புக்குச் சுத்துற."

தாங்கள் இருவரும் சேர்ந்துதான் சுற்றுகிறோம் என்றாள் சூறை.

"யாரு சொன்னா? கனம் யாருகிட்ட இருக்கு? அவ தண்ணி, நீ பஞ்சு. ஒரு நாளைக்குக் கையை விட்டுட்டுச் சுத்திப் பாரு. ஆட்டம் யாரு ஆட்டம்னு தெரிஞ்சு போகும்."

சூறை அதைக் காதில் வாங்காதவள் போலத்தான் போனாள். ஆனால் முள் தைத்த இடம் நடக்க நடக்கத்தான் தெரியும். அன்றைக்கு மாரி வந்ததும் வழக்கம்போலக் கையைப் பிடித்தாள், வழக்கம்போலச் சாய்ந்தாள், பாட்டும் ஆரம்பித்தாள். சுற்றச் சுற்ற ஓணானின் முகமே கண்ணுக்கு வந்து வந்து போனது. வேகம் உச்சத்துக்கு ஏறியது. "எனக்கு ஒண்ணு வச்சிருக்கியா?" என்று கேட்டாள். கேட்ட வாயோடு கையை விட்டாள். 

மாரி தன் முழுக் கனத்தையும் அந்தக் கையை நம்பிச் சாய்த்திருந்தாள். பதில் சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே இருக்க, பருத்திக் காட்டைத் தாண்டி, பனங்கூட்டத்தைத் தாண்டி, மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கடலில் விழுந்தாள்.

சூறை தனியாக நாலு சுற்றுச் சுற்றினாள். சருகும் பஞ்சும் அவளோடு சேர்ந்து சுற்றின. "பாத்தியா, நானாத்தான் சுத்துறேன்" என்று ஓணானைப் பார்த்துச் சொன்னாள். ஓணான் அவளைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் இவளும் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவது சுற்றுக்குக் கால் வரவில்லை.

மறுநாள் உச்சி வெயில் ஏறியது, இறங்கியது. மாரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கரிசல் வாய் பிளந்தது. கிணற்றில் தவளை சேற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டது. மாடு வந்து கேட்டது, கொக்கு வந்து கேட்டது, மழை எங்கே, மழை எங்கே என்று. எல்லாரும் மழையைத்தான் கேட்டார்கள். மாரியைக் கேட்டவள் சூறை ஒருத்திதான்.

தானே போய்க் கூட்டி வரலாமென்று மலையில் ஏறிப் பார்த்தாள். பஞ்சுக்கு மலை ஏற முடியுமா? பாதி ஏறுவதற்குள் பாறை அவளைத் திருப்பி அனுப்பியது. ஓணானிடம் போய் நின்று, "வருவாளா?" என்று கேட்டாள். தான் ஏதோ பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னதாக அது இழுத்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கப் பயந்துகொண்டு, வருவாள் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டியது.

கடைசியில் தட்டானைப் பிடித்தாள். மெல்லிய ரெக்கைதான், ஆனால் தூரம் போகிற ரெக்கை. மலையைத் தாண்டிப் போய் மாரியைப் பார்த்து வரச் சொன்னாள். "நான் கை நீட்டிக்கிட்டேதான் நிக்கிறேன்னு சொல்லு" என்றாள்.

தட்டான் போனது, போய் வெகுநாள் கழித்துத் திரும்பியது. வந்ததும் நேரே சொல்லாமல் தரையை ஒட்டித் தாழத் தாழச் சுற்றியது. சூறை கெஞ்சின பிறகுதான் வாய் திறந்தது.

"கோவம் இல்லையாம். 'விழும்போது பயந்துட்டேன், அம்புட்டுத்தான்'னு சொன்னா. வருவாளாம். வந்தா கையை மட்டும் கேக்க வேண்டாமாம்."

வருவாள் என்ற வார்த்தைதான் சூறையின் காதில் விழுந்தது. மற்றது விழவில்லை.

சொன்னபடி மாரி வந்தாள். மேற்கே கருத்தது. சூறை காடு முழுக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிர்கொண்டு ஓடினாள். ஓடின ஓட்டத்தில் ஊர்க் கதவெல்லாம் அடித்துக்கொண்டது. போய்க் கையைக் குறுக்கே மாற்றி நீட்டிக்கொண்டு நின்றாள். மாரி இறங்கினாள். பிளந்த மண்ணைத் தடவினாள், பனையின் தலையைத் தடவினாள், கன்றுக்குட்டியின் முதுகைத் தடவினாள். சூறையையும் நனைத்தாள், முகம் கோணாமல் நலம் விசாரித்தாள். நீட்டின கையைப் பார்த்தாள். தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தட்டான் சொன்ன மற்றதும் அப்போதுதான் சூறையின் காதில் விழுந்தது. நனைந்தபடியே கையை இறக்கிக்கொண்டாள்.

கொஞ்சக் காலம் இருந்துவிட்டு மாரி கடலுக்கே திரும்பிப் போனாள். விழுந்த இடம் பழகிப்போயிருந்தது. நினைத்தபோது வருவாள், போவாள். அவள் இல்லாத அந்த இடைவெளிக்குத்தான் கோடை என்று பெயர் வந்தது. அந்த நாட்களில் சூறை வெறுங்காட்டுக்கு வந்து, கையில் அகப்பட்டதை எல்லாம் பிடித்துப் பார்ப்பாள். சருகைப் பிடிப்பாள், பஞ்சைப் பிடிப்பாள், பறவை உதிர்த்த இறகைப் பிடிப்பாள். பாடிக்கொண்டே சுற்றுவாள். தன் வரியைப் பாடி, அவள் வரிக்கு இடம் விட்டு, மறுபடியும் தன் வரியைப் பாடுவாள். எல்லாம் சேர்ந்து சுற்றத்தான் செய்யும். ஆனால் நம்பிச் சாய்வதற்கு ஒன்றிடமும் கனம் இருக்காது.

அன்று முதல்தான் சித்திரை வெயிலில் ஆளில்லாத காட்டில் ஒரு சுழல் எழும்புகிறது, சருகையும் புழுதியையும் கூட்டிக்கொண்டு பனை உயரத்துக்குச் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டிருக்கும்போதே, கேட்ட கேள்விக்குப் பதில் வருமென்று காத்திருப்பதுபோல ஒரு கணம் நிற்கிறது, பிறகு கையிலிருந்ததை எல்லாம் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறது.