நாரைக்கு ஆமை சொன்ன மறுப்பு

காட்டின் நடுவில் ஒரு பெரிய குளம் இருந்தது. பகலிலும் அதன்மேல் மெல்லிய பனிமூட்டம் படர்ந்திருக்கும். எது நீர், எது வானம் என்று சட்டென்று பிடிபடாது. அல்லிப்பூக்கள் மேகத்தின்மேல் மலர்ந்தவைபோலத் தோன்றும். அங்கே வந்து சற்று நின்றால் போதும், எந்தப் பிராணிக்கும் ஏதாவது ஒரு யோசனை வந்துவிடும்.

அந்தக் குளத்தில் பேர்பெற்ற சிந்தனையாளர்கள் இருவர் வாழ்ந்தனர். ஒருவர் நெடுங்காலன் என்ற நாரை. மற்றவர் கல்லோடன் என்ற ஆமை.

நெடுங்காலன் ஒற்றைக் காலில் நின்று நீரையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு கழுத்தை நிமிர்த்திப் பேசத் தொடங்கும்.

"நாம் குளத்தைப் பார்ப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அதன்மேல் விழுந்த பிம்பத்தைத்தான் பார்க்கிறோம்! மரம் என்கிறோம், அது மரத்தின் பிம்பம். மேகம் என்கிறோம், அது மேகத்தின் பிம்பம். மீன் என்று பாய்ந்து கொத்துகிறோம், அலகில் வெறும் தண்ணீர்தான் வருகிறது!"

கடைசியில் சொன்னது அதன் சொந்த அனுபவம்.

வாத்துகள் கூட்டமாக வந்து கேட்கும். "ஆஹா! ஆஹா!" என்று தலையாட்டும். பாதி புரியாது. ஆனாலும் ஆட்டும்.

கல்லோடன் மட்டும் தலையாட்டாது. கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, ஒரு சொல் விடாமல் கேட்கும். சில சமயம், "இதை இன்னொரு முறை சொல், நண்பா" என்று கேட்கும். நெடுங்காலனும் சலிக்காமல் சொல்லும். வெயில் ஏறுவதும் இறங்குவதும் தெரியாமல் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் கல்லோடன், "நண்பா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றது.

"தாராளமாகக் கேள்!"

"நீ நீருக்கு மேலே தெரிவதைப் பற்றியே பேசுகிறாய். ஆனால் உன் கால் சேற்றில் ஊன்றியிருக்கிறது. சேறு இல்லாவிட்டால் உன்னால் நிற்கவே முடியாது. இத்தனை மழைக்காலமாகப் பேசுகிறாயே, சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாயா?"

வாத்துகள் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டன. எல்லோருக்கும் முன்னால் ஆமை இப்படிக் கேட்டது நாரைக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் சொன்னது உனக்குப் புரியவே இல்லை!"

"புரிந்ததால்தான் கேட்கிறேன்!"

"சேற்றில் புரள்பவனுக்குச் சேறுதான் உலகம்!"

ஆமைக்கும் கோபம் வந்துவிட்டது. "உன்னிடம் தத்துவமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீரில் தெரியும் உன் முகத்தின்மேல் உனக்குக் காதல். அவ்வளவுதான்!"

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆமைக்கு அப்போதே தோன்றியது. ஆனால் சொல்லியாயிற்று. அது யார் முகத்தையும் பார்க்காமல் நீரில் இறங்கி மேற்குக் கரைக்குப் போய்விட்டது.

மேற்குக் கரையில் தவளைகள் இருந்தன. அவை கல்லோடனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "சேறே மெய்! சேறே மெய்!" என்று கத்தின.

"நான் அப்படிச் சொல்லவில்லையே! சேற்றையும் சேர்த்துப் பார் என்றுதானே சொன்னேன்?" என்றது ஆமை.

"ஆமாம் ஐயா! சேறே மெய்!" என்றன தவளைகள்.

கிழக்குக் கரையில் வாத்துகள், "எல்லாம் பிம்பம்! எல்லாம் பிம்பம்!" என்று பாடித் திரிந்தன.

"பெரும்பாலும் என்றல்லவா நான் சொன்னேன்?" என்றது நாரை.

"ஆமாம் ஐயா! எல்லாம் பிம்பம்!" என்றன வாத்துகள்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. நாரையும் ஆமையும் பேசிக்கொள்ளவில்லை. நல்ல யோசனை ஒன்று தோன்றும்போதெல்லாம் நாரை சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்க்கும். அங்கே வாத்துகள்தான் இருக்கும். எதிர்க்கரையில் ஆமை, காற்று வாக்கில் மிதந்து வரும் நாரையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும். அதற்கு மறுப்பு யோசிக்கும். அருமையான மறுப்பாக இருக்கும். சொல்லத்தான் ஆள் இருக்காது.

அந்தச் சமயத்தில் புகையன் என்ற நரி அங்கே வந்து சேர்ந்தது. அதன் நிறம் பனிமூட்டத்தின் நிறம். அசையாமல் நின்றால் யாருக்கும் தெரியாது. அதற்கு நாரையின்மேல் ஒரு கண். ஆனால் நாரையோ எப்போதும் நீருக்குள் நிற்கிறது. கண்ணும் கூர்மையானது. என்ன செய்வது? நரி நாலு நாள் புதருக்குள் படுத்துக்கொண்டு நாரையின் பேச்சைக் கேட்டது. ஐந்தாம் நாள் வெளியே வந்து பணிவாகக் கும்பிட்டது.

"ஐயா! உங்கள் பேச்சைக் கேட்டு என் தூக்கமே போய்விட்டது! நான் இறைச்சியைக்கூட மறந்துவிட்டேன்!"

நாரை இரண்டடி பின்வாங்கி ஆழத்தில் நின்றுகொண்டது. ஆனால் காதில் விழுந்தது இனிக்கத்தான் செய்தது.

"ஒரே ஒரு வருத்தம்" என்று நரி பெருமூச்சு விட்டது. "மேற்குக் கரையில் அந்த ஆமை என்ன சொல்லுகிறது தெரியுமா? 'கண் ஏமாற்றும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறான் நாரை. ஆனால் அவன் தன் கண்ணை மட்டும் ஒரு நொடிகூட மூடுவதில்லை. தன் தத்துவத்தை அவனே நம்பவில்லை. கோழை!' என்கிறது."

"கோழையா? கல்லோடனா அப்படிச் சொன்னது?"

"என் காதால் கேட்டேன், ஐயா!"

நாரையின் இறகெல்லாம் சிலிர்த்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அது சிரித்திருக்கும். கல்லோடன் சொன்னதாகக் கேட்டதும் அதனால் தாங்க முடியவில்லை.

"நான் கோழை இல்லை என்று எப்படிக் காட்டுவது?"

"நான் சொல்வதா? நீங்கள் அறியாததா?" என்று நரி தயங்குவதுபோல் நடித்தது. "நாளை உச்சிப்பொழுதில் அதோ அந்த மணல்திட்டில் வந்து நில்லுங்கள். எல்லோரும் பார்க்கக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நிழல் ஒரு முழம் நீளும்வரை திறக்காதீர்கள். அப்புறம் ஆமை எப்படி வாய் திறக்கும்?"

"நிற்கிறேன்! கட்டாயம் நிற்கிறேன்!" என்றது நாரை.

வாத்துகள் இறக்கையைத் தட்டி ஆரவாரம் செய்தன.

மறுநாள் காலையில் நரி மேற்குக் கரைக்குப் போயிற்று. ஆமை அந்தப் பக்கம் வந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அதற்குக் கவலை.

"பெரியவரே! இன்று உச்சிப்பொழுதில் நாரை மணல்திட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்று ஏதோ செய்துகாட்டப் போகிறதாம். 'கண் எப்போதும் பொய்தான் சொல்லும், எப்போதும்!' என்று நேற்று முழங்கிற்று. நீங்கள் போகாதீர்கள். போனால் அதற்குத்தான் பெருமை."

தவளைகளுக்கு ஒரே சிரிப்பு. "கண்ணை மூடிக்கொண்டா! முட்டாள்! நமக்குத்தான் வெற்றி!"

கல்லோடன் சிரிக்கவில்லை. "நாரை என்ன சொன்னதாகச் சொன்னாய்? 'எப்போதும்' என்றா?"

"ஆமாம். இரண்டு தடவை சொன்னது."

"சரி, நீ போய்வா" என்றது ஆமை.

நரி போனதும் அது தவளைகளிடம் சொன்னது: "நெடுங்காலன் 'எப்போதும்' என்று சொல்லவே சொல்லாது. 'பெரும்பாலும்' என்றுதான் சொல்லும். ஒருமுறை நான் அதன் பேச்சைத் திருப்பிச் சொல்லும்போது தவறிப்போய் 'எப்போதும்' என்றுவிட்டேன். மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை! இது நெடுங்காலனின் சொல் அல்ல. நரியின் சொல். சொல்லே பொய் என்றால், இதில் நரிக்கு வேறு ஏதோ எண்ணம் இருக்கிறது!"

"அதனால் என்ன ஐயா?" என்றது ஒரு தவளை. "நாரை ஒழிந்தால் நம் கட்சிக்கு நல்லதுதானே?"

ஆமை அந்தத் தவளையின் பக்கம் திரும்பியது. "நெடுங்காலன் ஒழிந்தால் நான் யாரோடு பேசுவேன்?" என்று கேட்டுவிட்டு நீரில் பாய்ந்தது.

குளம் அகலமானது. ஆமை அடியாழத்தில் நீந்தியது. அல்லித்தண்டுகள் பச்சைக் கயிறுகள்போல் ஆடின. வெயில் நூல்நூலாக இறங்கியது. குட்டி மீன்கள் அந்த நூலுக்குள் புகுந்து பொன்னாகி, வெளியே வந்து மறுபடி மீனாயின. வழியில் ஒருமுறை ஆமை தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. நேர்மேலே மட்டும் ஒரு துண்டு வானம் தெரிந்தது. அதைச் சுற்றி, நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் முழுவதும் கண்ணாடிபோல் மின்னியது. அந்தக் கண்ணாடியில் சேறு தலைகீழாகத் தெரிந்தது! தண்டுகள் மேலிருந்து கீழே வளர்ந்தன. இன்னொரு கல்லோடன் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தது.

'அடேயப்பா! கீழேயிருந்து பார்த்தாலும் பிம்பம்தானா?' என்று அது வியந்தது. 'இத்தனை நாள் இதே வழியில் போய்வந்தேன். ஒருநாளும் நான் அண்ணாந்து பார்த்ததில்லையே!'

உடனே அதை நாரையிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆமை இன்னும் வேகமாகக் காலை வீசியது.

உச்சிப்பொழுது. மணல்திட்டில் நாரை கண்ணை மூடி நின்றது. சுற்றிலும் நீரில் வாத்துகள். பனிமூட்டத்தின் ஒரு துண்டு மெதுவாகத் திட்டின்மேல் ஊர்ந்து வந்தது. அந்தத் துண்டுக்கு நாலு கால் இருந்தது.

ஒரு வாத்துக்குஞ்சு, "அம்மா, நரி வருகிறது!" என்று கிசுகிசுத்தது.

"உஸ்! எல்லாம் பிம்பம். ஐயா கண்ணை மூடியிருக்கும்போது நாம் கண்டதைச் சொன்னால் அவருக்கு அவமரியாதை!" என்றது தாய் வாத்து.

நரி இன்னும் நாலடி நெருங்கிற்று. மற்ற வாத்துகளும் பார்த்தன. "என்ன ஆழமான செய்கை! நரியையும் வரவழைத்திருக்கிறார்!" என்று தலையாட்டின.

அப்போது கரையோரம் நீர் பொங்கியது. கல்லோடன் மூச்சிரைக்கத் தலையைத் தூக்கியது. 'நரி வருகிறது' என்று கத்தலாமா? நரியின் பேச்சை நம்பி நிற்பவன், தன் பேச்சை எப்படி நம்புவான்? அது நாரையை நன்றாக அறியும். ஆகவே முழுக் குரலெடுத்துக் கத்தியது:

"நெடுங்காலா! உன் வாதம் தப்பு!"

"எங்கே தப்பு?" என்று நாரை வெடுக்கென்று கண்ணைத் திறந்தது.

எதிரே திறந்த வாயோடு நரி பாய்ந்துகொண்டிருந்தது!

நாரை சடாரென்று மேலே எழும்பியது. இரண்டு வால் இறகுகள் மட்டும் நரியின் பல்லில் சிக்கின. ஏமாந்த நரி ஆமையின்மேல் பாய்ந்தது. அதைப் புரட்டிப் போட்டது. ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நரி ஓட்டைக் கடித்தது. ஒரு பல் மளுக்கென்று முறிந்தது. அதற்குள் நாரை திரும்பி வந்து நரியின் மூக்கில் ஓங்கி ஒரு கொத்து கொத்தியது. அலகில் இந்தத் தடவை தண்ணீர் வரவில்லை, நரியின் ரோமம் வந்தது! நரி ஊளையிட்டபடி காட்டுக்குள் ஓடி மறைந்தது.

மல்லாந்து கிடந்த ஆமையை நாரை அலகால் மெல்ல நெம்பி நிமிர்த்தியது.

"என்னைக் கோழை என்றாயாமே?" என்றது நாரை.

"இல்லை. உன் முகத்தின்மேல் உனக்குக் காதல் என்று சொன்னேன். அதுதான் நான் சொன்ன தப்பு. அது வாதம் இல்லை, வெறும் வசவு. என்னை மன்னித்துவிடு. மற்றதெல்லாம் சொன்னது சொன்னதுதான்!"

"என் கால் சேற்றில் இருப்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்" என்று நாரை தலையைக் குனிந்துகொண்டது. "நீ சொன்னாய் என்பதற்காகவே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. உன்னையும் சேற்றைச் சொல்லிப் பழித்தேன். நீயும் என்னை மன்னிக்க வேண்டும்."

ஆமையின் கண் மின்னியது. "அதை விடு! வரும்போது நான் ஒன்று பார்த்தேன். நீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாலும் பிம்பம் தெரிகிறது. அதில் சேறு தெரிகிறது!"

"என்ன, அடியிலுமா?" நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு அருகில் வந்தது. "அப்படியானால் நான் சொன்னது சரிதானே?"

"அவசரப்படாதே! பிம்பத்தில் தெரிவது சேறுதானே? அப்படியானால் நான் சொன்னதுதான் சரி!"

"எப்படி? எப்படி?"

இருவரும் மணல்திட்டில் அமர்ந்து பேசத் தொடங்கினர். குரல் உயர்ந்தது. இறக்கை படபடத்தது. தவளைகளும் நீந்தி வந்து சேர்ந்தன. வாத்துகள் குழப்பத்தோடு கேட்டன: "ஐயா, கடைசியில் யார் ஜெயித்தது? நாங்கள் யாருக்குத் தலையாட்ட வேண்டும்?"

நாரையும் ஆமையும் அதைக் கேட்கவே இல்லை. வாத்துகள் சற்றுக் காத்திருந்தன. பிறகு அல்லிக்கிழங்கு தேடிப் போய்விட்டன. மூட்டத்துக்குள் அந்த இரண்டு குரல்களும் ஒன்றையொன்று மறுத்தபடி வெகுநேரம் மிதந்துகொண்டிருந்தன.

கேளாமலே தலையாட்டும் நூறு பேரைவிட, ஒரு சொல் விடாமல் கேட்டு மறுக்கும் ஒருவரே நமக்கு உற்ற நண்பர்.