பாதியில் அணைத்த கணினி

பிரான்மலை அடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம். அதன் குரு மங்கையர்க்கரசி அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். துறவுக்கு முன் பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் எடுத்தவர். சீடர் வைரவநாதனுக்கோ அறுபது கடந்துவிட்டது. நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மறைந்த பெரிய குருவின் பேச்சுகள் கேசட்டுகளில் இருந்தன. அவற்றைக் கேட்டு ஆசிரமத்தின் பழைய கணினியில் தட்டச்சு செய்வது வைரவநாதனின் வேலை. வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துவந்தார். வேறு பிரதி கிடையாது. கேசட்டுகளில் பாதி பூசணம் பிடித்துப்போயிருந்தன.

ஒரு மாலை கணினி அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. வைரவநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் கணினிப் பெட்டி சரிந்து சுவரில் இடித்தது. திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி சுற்றியது. பீப் பீப் என்று சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, கெடுத்துட்டேன். பெரியவர் பேச்செல்லாம் போச்சு."

"என்ன செஞ்சீங்க ஐயா?"

"வயரைப் பிடுங்கிட்டேன்."

அம்மா ஒரு திருப்புளியும் பென்சில் அழிக்கிற ரப்பரும் எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினார். இடித்ததில் இளகியிருந்த மெமரி அட்டையை வெளியே எடுத்து, அதன் மஞ்சள் ஓரத்தை ரப்பரால் மெல்லத் தேய்த்து, மறுபடி செருகினார்.

"இப்பப் போடுங்க."

திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. சென்ற முறை கணினியை முறையாக நிறுத்தவில்லை, எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் என்றன. வேண்டாமென்றால் ஏதாவது ஒரு விசையை அழுத்தலாம் என்றும் இருந்தது.

வைரவநாதன் விரலை நீட்டினார். அம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாத்துட்டு வரட்டும்."

"எதைம்மா பாக்குது?"

"பாதியில விட்டது எதெதுன்னு."

எண்கள் மெதுவாக ஏறின. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். இங்க எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா கண்ணை மூடி உக்காந்தா மனசு ஒரு இடத்துல நிலைக்க மாட்டேங்குது. எங்கயோ போய் நிக்குது."

"வீட்டிலேருந்து எப்படி வந்தீங்க?"

"காரைக்குடியிலேருந்து பஸ்லதான்."

அம்மா சிரித்துவிட்டார். "அதுக்கு முன்னாடி?"

வைரவநாதன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். ஏதோ பேச்சுல மகன், 'அப்பா, உங்களை யாரும் கேக்கலை'ன்னான். பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டேன். கையைக்கூடச் சரியாக் கழுவலை. பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு தடவை இங்க வந்து நின்னான். நான் வெளிய வரலை."

"அன்னைக்கு யார் சமைச்சது?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"மருமகதான். தேன்மொழி. எனக்குப் புடிக்கும்னு அயிரை மீன் கொழம்பு வச்சிருந்தா."

"எப்படி இருந்துச்சு?"

வைரவநாதன் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

கணினி தானாகவே ஒருமுறை அணைந்து எழுந்தது. திரை வெளிச்சமானது. அவர் கோப்பைத் திறந்தார். எல்லாப் பேச்சுகளும் இருந்தன. கடைசியாக அடித்த சில வரிகள் மட்டும் இல்லை.

அவர் கணினியைப் பார்த்துக் கைகூப்பினார். கண் நிறைந்திருந்தது.

"அம்மா, ஒரு போன் பண்ணிக்கவா?"

அலுவலக அறைக்குப் போய் வீட்டு எண்ணை அழுத்தினார். தேன்மொழிதான் எடுத்தாள்.

"மாமா பேசுறேம்மா."

அவள் பேசுவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்குக் கொழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சு. சொல்லாம வந்துட்டேன்."

தேன்மொழியின் குரல் உடைந்திருந்தது.

"அவரு பேசினதுதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. பாதிச் சோத்தோட இருந்த அந்தத் தட்டை எடுத்தவ நான்தானே. கொழம்புலதான் ஏதோ குறையோன்னு எனக்கு இருந்துக்கிட்டே இருந்துச்சு."

"ஒரு குறையும் இல்லம்மா. ஒரு குறையும் இல்லை."

"எப்ப வர்றீங்க? அவரும் பக்கத்துலதான் நிக்கிறாரு."

மதியத்துக்குள் வைரவநாதன் பையோடு வந்து நின்றார். அம்மா பெட்டியின் தகட்டை மாட்டித் திருகிக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாத்துட்டு வர்றேம்மா. அந்த நாலு வரியை வந்து அடிச்சுடுறேன்."

"நல்லது."

அவர் விழுந்து வணங்கினார். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இத்தனை நாள் சோறு போட்டீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"நான் எங்க போட்டேன்?" என்றார் அம்மா. "சமைக்கிறது பேச்சி அக்கா. இன்னைக்குக் கீரை கடைஞ்சிருக்காங்க. உக்காந்து சாப்பிட்டு, எப்படி இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க."