தொட்டில் பாட்டு முடியும்போது

மூன்று பேர் சேர்ந்து பாடுகிற குழுவில் ஒருத்தி செத்துப்போனால் மற்ற இரண்டு பேரும் என்ன செய்வார்கள்? பாடத்தான் செய்வார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மலைக்காட்டுப் பாட்டுகள் மேல் திடீரென்று பைத்தியம் பிடித்தது. ஐடா என்ற பாடகி மலை ஏறி, வீடு வீடாகப் பாட்டு கேட்டு வந்து, வெர்னனுக்கும் அவன் மனைவி லொரேட்டாவுக்கும் சொல்லிக் கொடுத்தாள். மேல்குரல் ஐடா, கீழ்க்குரல் வெர்னன், நடுக்குரல் லொரேட்டா. வெர்னன் வயதில் மூத்தவன். இருந்தாலும் ஐடாவை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான்.

போன குளிர்காலத்தில் லொரேட்டா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் குழிமண் காயும் முன்னே இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் வந்து நின்றான். உங்கள் சிறந்த பாட்டுகளை மட்டும் ஒரே தட்டில் பாடித் தாருங்கள் என்றான்.

“டீச்சர், நம்ம பாட்டுலயே சிறந்தது எது?” என்று கேட்டான் வெர்னன்.

“வாங்க, பாடிப் பார்த்துடுவோம்,” என்றாள் ஐடா. ஆளில்லாத ஒரு பழைய தேவாலயத்துக்கு அவனைக் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள். மூன்று நாற்காலி போட்டாள்.

“நடுக்குரலுக்கு இடம் விட்டுப் பாடுங்க.”

ரயில் பாட்டு பாடினார்கள். கப்பல் பாட்டு பாடினார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டிய பாட்டுகள். நடுவிலிருந்த நாற்காலி வெறும் நாற்காலியாகவே இருந்தது.

“இப்ப தொட்டில் பாட்டு,” என்றாள் ஐடா.

“ஐயோ, அது வேண்டாம் டீச்சர். எந்த ஊர்ல பாடினாலும் கடைசியில எவனோ கூட்டிட்டு வந்த குழந்தை சிரிச்சுக் காரியத்தைக் கெடுக்குது.”

“பாடுங்க.”

இரண்டாவது அடியில் அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு குரல் வந்து சேர்ந்துகொண்டது. அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் லேசாக மூச்சு வாங்குவது லொரேட்டாவின் பழக்கம். அதே மூச்சு. வெர்னன் பாட்டை நிறுத்திவிட்டான். ஐடாவும் நிறுத்தினாள். அந்தக் குரல் நிறுத்தவில்லை. கடைசி அடி வரை தனியாகவே பாடி முடித்தது.

முடிந்ததும் ஒரு குழந்தை சிரித்தது.

வெர்னன் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாற்காலியைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

“அவதான் டீச்சர்! இதுதான் சிறந்த பாட்டு. இசைத்தட்டுல முதல் பாட்டா இதை வைப்போம். வீட்டுலயும் தினம் பாடுவேன். தினம் வருவா.”

“வருவா,” என்றாள் ஐடா. “சிரிச்சது யாரு?”

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். தாழிட்ட கதவு. காலி பெஞ்சுகள்.

“நானும் ஒவ்வொரு ஊர்லயும் கூட்டத்துல தேடினேன், வெர்னன். ஒரு தடவைகூடக் கைக்குழந்தை இருந்ததில்ல. கோட்டைப் போடுங்க, இந்தப் பாட்டைக் கொடுத்தவளைப் பார்த்துட்டு வருவோம்.”

மலை மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டைக் கொடுத்த ஹெஸ்டர் அவர்களை உட்காரவைத்துக் காப்பி ஊற்றினாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில். உள்ளே மடித்துவைத்த கம்பளி மட்டும்தான் இருந்தது.

“கைக்குழந்தையாவே போயிட்டா என் பொண்ணு,” என்றாள் ஹெஸ்டர். “போன பிறகும் நான் இந்தப் பாட்டைப் பாடி முடிச்சா தொட்டில்ல சிரிப்பா. நீங்க வந்து கத்துக்கிட்டுப் போனீங்க. அப்புறம் ரேடியோவுல வந்துச்சு, எல்லா வீட்டுலயும் பாடுறாங்க. அதுலேருந்து இங்க சிரிப்பு கேக்கல. எந்த வீடுன்னு தெரியாம அலையுதோ என்னமோ.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் வெர்னனுக்குத் தாங்கவில்லை.

“நீங்க ஊரெல்லாம் போறவங்க. எங்கயாவது கேட்டுச்சா?”

வெர்னன் காப்பியைக் கீழே வைத்தான். எரிச்சலோடு அவன் முறைத்த அரங்கங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான்.

வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகு வெர்னன் நின்றான்.

“கம்பெனிக்கு இந்தப் பாட்டு கிடையாதுன்னு சொல்லிடறேன். மேடையிலயும் பாட வேண்டாம்.”

“சரி.”

“ஆனா டீச்சர், ஒரே ஒரு தடவை. இன்னிக்கு மட்டும் என் வீட்டுல பாடிக்கிறேன். அவ போறப்ப நான் பக்கத்துல இல்ல. ஒரு வார்த்தை சொல்லல.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பாடலாமா?”

“பாடுங்க,” என்றாள் ஐடா. “முடிஞ்சதும் குழந்தை சிரிக்கும். அதைத் தூக்கிட்டு வந்து ஹெஸ்டர் வீட்டுத் தொட்டில்ல விட்டுடுங்க. அதுக்கு இன்னும் நடக்க வராது.”